மேரா சிகரம்: லீவுக் கணக்கில் தொடங்கும் ஏற்றம்

நேப்பாளத்தின் மேரா சிகரம் 6,476 மீட்டர். சிங்கப்பூரின் ஆக உயரமான இடமான புக்கிட் தீமா 163 மீட்டர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்களுக்கு முழங்காலும் நுரையீரலும்தான் உடனே நினைவுக்கு வரும். அவற்றை ஆறு மாதத்தில் தேற்றிவிடலாம். இங்கிருந்து போகிறவர்கள் உச்சியைத் தொடாமல் திரும்புவது பெரும்பாலும் வேறு காரணத்தால்: லீவு போதவில்லை என்று நாளைக் குறைத்திருப்பார்கள். அதனால் இந்த ஏற்பாட்டைப் பூட்ஸ் கடையில் ஆரம்பிக்காதீர்கள். நாள்காட்டியில் ஆரம்பியுங்கள்.

மேராவில் பாறை ஏறும் வித்தை எதுவும் தேவையில்லை. அகலமான பனியாற்றின் மேல் நீண்ட நடை, கடைசியில் மட்டும் முன்பே கட்டிவைத்த நிலைக்கயிற்றைப் பிடித்து ஏறும் ஒரு செங்குத்துத் துண்டு. 1953 மே 20ஆம் தேதி ஜிம்மி ராபர்ட்ஸும் சென் டென்சிங்கும் முதலில் ஏறியது நடு உச்சி. இன்றைக்கும் பெரும்பாலான குழுக்கள் அந்த 6,461 மீட்டர் நடு உச்சியோடு திரும்பிவிடுகின்றன. 6,476 என்பது வடக்கு உச்சி. எந்த உச்சிக்குக் கூட்டிப் போகிறார்கள் என்று முகவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஏறுவது சுலபம் என்பதற்காக இடம் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். மேராவுக்குப் போகும் ஹிங்கு பள்ளத்தாக்குக்குச் சாலை கிடையாது. லுக்லாவில் விமானம் இறங்கிய பிறகு ஒரு வாரத்துக்கு மேல் நடை. நடக்க முடியாமல் போனால் ஹெலிகாப்டர்தான், அதுவும் மேகம் விலகினால்தான்.

நாள் கணக்கு

5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அப்படியே பாதி. உடல் இதற்குப் பழகும், ஆனால் அதற்கென்று ஒரு வேகம் இருக்கிறது. காசு கொடுத்தோ பயிற்சி செய்தோ அதை முடுக்க முடியாது. மலை மருத்துவத்தில் சொல்லும் விதி இது: 3,000 மீட்டருக்கு மேலே போனதும், நேற்று தூங்கிய உயரத்தைவிட இன்று தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு மேலே போய் வந்தாலும் கணக்கு தூங்கும் இடத்துக்குத்தான்.

இந்த விதிக்கு ஹிங்கு பள்ளத்தாக்கு வளைந்து கொடுப்பதில்லை. தங்கும் இடங்கள் சத்ரா கோலா சுமார் 2,800 மீட்டர், கோத்தே 3,691, தாங்நாக் 4,358, காரே 5,045, அதற்கு மேல் கூடாரம் போடும் ஹை கேம்ப் 5,780. ஒவ்வொரு தாவலும் 650 முதல் 900 மீட்டர் வரை. ஆகவே தாவிவிட்டு, தாவிய இடத்திலேயே கூடுதல் இரவு தங்கித்தான் ஈடுகட்ட வேண்டும்: கோத்தேயில் இரண்டு இரவு, தாங்நாக்கில் இரண்டு, காரேயில் மூன்று. ஒரு பயணத் திட்டத்தைக் கையில் கொடுத்தால் முதலில் இந்த ஏழு இரவுகளும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மற்ற பக்கங்களைப் பிறகு படிக்கலாம்.

மலிவுத் திட்டங்கள் இரண்டு இடத்தில் கை வைக்கும். ஒன்று, லுக்லாவிலிருந்து தெற்கே பாயியா, பாங்கோம், நிங்சோ என்று காட்டுவழியில் சுற்றிப் போகாமல், நேரே ஜத்ர்வா லா கணவாயைத் தாண்டுவது. அது 4,600 மீட்டர். மூன்று நாளுக்கு முன்பு சாங்கியில் காப்பி குடித்துக்கொண்டிருந்த உடலை அங்கே கொண்டு நிறுத்தினால் தலைவலியும் வாந்தியும் வரத்தான் செய்யும். அந்தக் கணவாய் திரும்பி வரும்போது நல்ல வழி. அதற்குள் உடல் பழகியிருக்கும். இரண்டாவது, உச்சிக்குக் கூடுதல் நாளே வைக்காதது. குறித்த இரவில் காற்றடித்தால் கதை முடிந்தது.

சரியான கணக்கு 23 நாள். சனிக்கிழமை காத்மாண்டு போய்ச் சேர்கிறீர்கள். ஞாயிறு அனுமதிச்சீட்டுக்கும் சாமான் சரிபார்க்கவும். திங்கள் லுக்லா, கூட்டம் அதிகமான பருவத்தில் விமானம் காத்மாண்டிலிருந்து கிளம்பாது, நள்ளிரவில் காரில் நாலைந்து மணி நேரம் போய் ராமேச்சாப்பின் மந்தலி நிலையத்தில் ஏற வேண்டும். லுக்லாவில் இறங்கியதும் பாயியாவுக்கு நடை. ஏழாம் நாள் கோத்தே, ஒன்பதாம் நாள் தாங்நாக், பதினோராம் நாள் காரே. பதினான்காம் நாள் ஹை கேம்ப், பதினைந்தாம் நாள் விடியற்காலையில் உச்சி, அன்றைக்கே காரேவுக்கு இறக்கம். பதினாறும் பதினேழும் வானிலைக்காக வைத்த நாட்கள். பதினெட்டாம் நாள் கோத்தே, அடுத்த நாள் கணவாய்க்கு அடியில் தூலி கர்கா, இருபதாம் நாள் லுக்லா. இருபத்தொன்றில் காத்மாண்டு, இருபத்திரண்டு லுக்லா விமானம் ரத்தானால் பயன்படுத்த. இருபத்துமூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வீடு.

இதில் சனி ஞாயிறு எட்டு நாள் போக வேலைநாள் 15. நடுவில் ஒரு பொது விடுமுறை வந்தால் 14. வேலை நியமனச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் எட்டாவது ஆண்டு வேலை செய்கிறவருக்குக் கிடைக்கும் குறைந்தபட்ச ஆண்டு விடுப்பும் 14 நாள்தான். அதற்குக் குறைவாக உள்ளவர்கள் சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம், அல்லது நிறுவனம் அனுமதித்தால் போன ஆண்டு லீவைக் கொண்டுவரலாம். இரண்டும் முடியாதென்றால் மேராவை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். பதினாறு நாளில் முடிக்கப் பார்ப்பதைவிட அது மலிவு.

பருவம் இரண்டு: ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும், அல்லது அக்டோபரும் நவம்பர் முற்பகுதியும். ஜூன் பள்ளி விடுமுறை ஆசை காட்டும், ஆனால் அப்போது அங்கே பருவமழை: அட்டை, வழுக்கல், நாள்கணக்கில் பறக்காத விமானம். வசந்தத்தில் தொழிலாளர் தினமும் விசாக தினமும் கைகொடுக்கும். இலையுதிர் பருவத்தில் தீபாவளி. தீபாவளியை உள்ளே இழுத்தால் ஒரு நாள் மிச்சமாகும். வீட்டில் என்ன சொல்வார்கள் என்பது தனிக் கணக்கு.

தாள் வேலை

நேப்பாள விசா விமான நிலையத்திலேயே கிடைக்கும். 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர், 30 நாளுக்கு 50. முப்பது நாள்தான் எடுக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டாம். மலையேற அனுமதி நேப்பாள மலையேற்றச் சங்கத்திடமிருந்தும், நுழைவுச் சீட்டு மக்காலு பருண் தேசியப் பூங்காவிலிருந்தும்; இரண்டையும் முகவர் எடுத்துத் தருவார். தேசிய சேவையை முழுநேரமாக முடித்துவிட்டுப் போர்க்காலப் படைவீரர்களாக இருப்பவர்கள் 14 நாளோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்கப் போவதைக் கிளம்பும் முன்பே தெரிவிக்க வேண்டும்.

காப்புறுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் ‘மலை நடை உண்டு’ என்று முன்பக்கத்தில் இருக்கும். உள்ளே, கயிறும் வழிகாட்டியும் பயன்படுத்தும் மலையேற்றத்துக்கு இல்லை என்றோ, குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் இல்லை என்றோ ஒரு வரி இருக்கும். மேராவுக்குக் கயிறும் உண்டு, உயரமும் உண்டு. 6,500 மீட்டர் வரை, கயிற்று ஏற்றம் சேர்த்து, ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லும் என்று மின்னஞ்சலில் பதில் வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கையடக்கக் கருவி கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தியாவுக்குள் முன் அனுமதியில்லாமல் அதைக் கொண்டுபோவது குற்றம். போகிற வழியில் சென்னையில் இறங்கி அத்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று டிக்கெட் போடுகிறவர்கள் கருவியை நேரே காத்மாண்டு போகும் நண்பரிடம் கொடுத்தனுப்புவதே நல்லது.

ஈரப்பதமும் பூட்ஸும்

சிங்கப்பூருக்கே உரிய சிக்கல் இது. மலைப் பூட்ஸின் நடு அடிப்பாகம் பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல உடைக்கும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். நாலைந்து ஆண்டு சேமிப்பறையில் பெட்டிக்குள் கிடந்த பூட்ஸைப் போட்டு நடந்தால் அடி பிஸ்கட்டைப் போல உதிரும், அல்லது மொத்தமாகக் கழன்று நாக்கைத் தொங்கப்போடும். போடாமல் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பிவிடும் என்பதும் இல்லை. சோதனை எளிது: கட்டை விரலால் நடு அடிப்பாகத்தைப் பலமாக அழுத்துங்கள். குழி மீளாமல் நின்றாலோ, நுண்ணிய வெடிப்புக் கோடு தெரிந்தாலோ, ஒட்டுப்போட்ட விளிம்பில் நகம் நுழைந்தாலோ, அந்தப் பூட்ஸ் மலைக்கு வேண்டாம். தப்பித்ததையும் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே போட்டு நான்கு மணி நேரம் நடந்து பாருங்கள். மழைநாள் என்றால் இன்னும் நல்லது. இறகு அடைத்த டவுன் ஜாக்கெட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் அமுக்கிப் பைக்குள் வைக்காமல் தளர்வாக, கேமராவுக்கு வைக்கும் ஈரநீக்கு அலமாரியிலோ சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியிலோ வையுங்கள். பூஞ்சை பிடித்த இறகு உப்பாது. உப்பாத இறகு சூடு தராது.

உச்சி நாளுக்கு 6,000 மீட்டருக்கென்று செய்த, உள்ளுறை தனியாகக் கழற்றும் இரட்டைப் பூட்ஸ் வேண்டும். வாங்க வேண்டியதில்லை, வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் காரேயில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே உங்கள் அளவு இல்லாவிட்டால் வேறு கடை கிடையாது. காத்மாண்டின் தமேலில் எடுங்கள். சாயங்காலம், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், தடித்த காலுறையோடு போட்டு, படிக்கட்டில் பத்துப் படி இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்னால் இடித்தால் அந்த அளவு சின்னது. இடிக்கும் விரல்தான் முதலில் உறைந்து போகும். அதே பூட்ஸில் கிராம்பானை, அதாவது பனியில் பிடிக்கும் இரும்புப் பல் சட்டத்தை மாட்டி, காலைத் தூக்கி உதறுங்கள். முன் கம்பி பூட்ஸின் உதட்டில் முழுதாக உட்கார வேண்டும், குதிகால் நெம்புகோல் ‘டக்’ என்று விழ வேண்டும். அடியில் பனி ஒட்டாமல் தடுக்கும் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் மத்தியானப் பனியில் இறங்கினால் கால்மேல் ஒரு பந்து பனி ஒட்டிக்கொண்டு வரும்.

லுக்லா விமானத்தில் எல்லாம் சேர்த்து 15 கிலோ. அடுப்பு எரிவாயுக் குடுவை எந்த விமானத்திலும் ஏறாது, அதைக் குழு பார்த்துக்கொள்ளும்.

புளோக்கில் ஏறும் பயிற்சி

ஹை கேம்பிலிருந்து உச்சிவரை சுமார் 700 மீட்டர். வீவக புளோக்கில் ஒரு மாடி சுமார் 2.8 மீட்டர். ஆக, 25 மாடிப் புளோக்கைப் பத்துமுறை ஏறினால் ஓர் உச்சி நாள். ஆறு மாதம் இருந்தால் முதல் மாதம் வாரத்துக்கு 300 மீட்டரில் தொடங்கி, மாதத்துக்கு 250 வீதம் கூட்டி, ஐந்தாம் மாதம் 1,300 மீட்டரைத் தொடுங்கள். கடைசி மாதத்தின் பின்பாதியில் பாதியாகக் குறைத்துவிடுங்கள். பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகம் போதும். நம் ஊர் வெக்கையில் இதயத்துடிப்பு தானாகவே கூடுதலாக இருக்கும். கைக்கடிகாரத்தைப் பார்த்து அவமானப்பட்டு ஓடவேண்டியதில்லை.

முதுகுப்பையில் ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் புட்டிகள்: இரண்டில் தொடங்கி ஆறு வரை, அதாவது 9 கிலோ. மேல்மாடியில் பக்கத்து வீட்டுச் செடிக்கு ஊற்றிவிட்டு மின்தூக்கியில் இறங்கினால் முழங்கால் தப்பும். ஆனால் வாரத்தில் ஒருநாளாவது சுமையோடு படியில் இறங்கியே ஆக வேண்டும். உச்சி நாளில் 700 மீட்டர் ஏறிய அதே காலோடு காரே வரை 1,400 மீட்டர் இறங்க வேண்டியிருக்கும், தொடைகள் அங்கேதான் கைவிடும். விடிகாலை ஐந்து மணிக்குக் கனத்த பூட்ஸோடு ஏறாதீர்கள். நகர மன்றத்துக்குப் புகார் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்ரிட்சி காட்டுப்பாதையில் நான்கைந்து மணி நேரம் நில்லாமல் நடப்பது வேறு வகைப் பயிற்சி, அதுவும் வேண்டும்.

இதெல்லாம் காலுக்குத்தான். உயரத்துக்கு இங்கே பயிற்சி கிடையாது. ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு நீண்ட வார இறுதியில் 4,095 மீட்டர் கினபாலுவுக்குப் போய்வந்தால், உயரத்தில் தலைவலி வரும் ஆளா, பசி அடங்கும் ஆளா என்று உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம். அந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துவிடும். மேராவுக்கான முன்பணமாக அதை எண்ண வேண்டாம்.

கயிற்று வேலையை இங்கேயே கற்றுக்கொள்ளலாம். ஏறுசுவர்க் கூடத்தில் தொங்கும் கயிற்றில் ஜூமார் (கயிற்றில் மேலே மட்டும் நகரும் பிடி) மாட்டி ஏறவும், நிலைக்கயிற்றின் முடிச்சைத் தாண்டும்போது ஒரு கொக்கி எப்போதும் மாட்டியே இருக்கும்படி மாற்றவும் பழகுங்கள். எட்டு முடிச்சு, பட்டாம்பூச்சி முடிச்சு, புரூசிக் மூன்றும் கண்ணை மூடிக்கொண்டு வர வேண்டும். அதன் பிறகு ஐஸ் போட்ட வாளியில் இரண்டு நிமிடம் கையை வைத்துவிட்டு, தடித்த கையுறையோடு போட்டுப் பாருங்கள். எது வரவில்லையோ அது தெரியாது என்றே அர்த்தம்.

வீட்டு ஃப்ரீசரும் நல்ல வாத்தியார். அதன் மைனஸ் 18 டிகிரிதான் ஏறக்குறைய உச்சி இரவின் குளிர். கொண்டுபோகப் போகும் தின்பண்டம், தலைவிளக்கு, சூரியக் களிம்பு எல்லாவற்றையும் ஓரிரவு உள்ளே வையுங்கள். நெய் லட்டு கல்லாகிவிடும், பேரீச்சம்பழம் ரப்பராகும், சாக்லேட் கடிபடாது. முறுக்கு, தட்டை, வறுத்த முந்திரி அப்படியே இருக்கும். அசைவம் சாப்பிடுகிறவர்களும் பள்ளத்தாக்கில் இருக்கும்வரை பருப்பு, சோறு, முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். இறைச்சி அங்கே ஃப்ரீசர் இல்லாமல் நாள்கணக்கில் முதுகில் வந்தது.

மருந்தும் திரும்பும் அறிகுறியும்

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பு பயண மருத்துவரைப் பாருங்கள். உயர நோய் வராமல் தடுக்க அசெட்டசோலமைடு, வழக்கமாக 125 மில்லிகிராம் ஒரு நாளைக்கு இருமுறை. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டு நாள் இங்கேயே போட்டுப் பாருங்கள்: விரல் நுனி கூசும், அடிக்கடி சிறுநீர் போகும். மலையில் முதல்முறையாகக் கூசினால் பனி பிடித்துவிட்டதோ என்று பதறுவீர்கள். மூளை வீக்கத்துக்கு டெக்ஸாமெத்தசோன், நுரையீரலில் நீர் கோர்த்தால் நிஃபெடிபின். இவை இறங்கும்போது உயிரைப் பிடித்துவைக்க. மேலே ஏறுவதற்கு அல்ல.

காலையும் மாலையும் ஒருவரையொருவர் சோதியுங்கள். தரையில் ஒரு கோடு, குதிகாலை மறு கால்விரலோடு ஒட்டி வைத்துப் பத்தடி. தள்ளாடினால் மூளை வீக்கம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் நுரையீரல். இரண்டில் எது வந்தாலும் இரவோ மழையோ உடனே இறக்கம், கூட ஒரு ஆளோடு. வெறும் தலைவலி என்றால் அன்றைக்கு மேலே போகாமல் அங்கேயே தங்கலாம்.

உச்சி இரவு

காரேயில் இரவு மைனஸ் 8 என்றால் உச்சியில் மைனஸ் 17 இருக்கும்; ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அந்த எண்ணைவிடக் காற்றைப் பாருங்கள். 6,500 மீட்டரில் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் என்று முன்னறிவிப்பு சொன்னால் காரேயிலேயே இருங்கள். பதினாறாம் நாளையும் பதினேழாம் நாளையும் வைத்தது இதற்குத்தான்.

ஹை கேம்பில் தண்ணீர்க் குழாய்ப் பை உதவாது, குழாய் உறைந்துவிடும். அகன்ற வாய்ப் புட்டியில் வெந்நீர் ஊற்றித் தலைகீழாக வையுங்கள். தண்ணீர் மேலிருந்துதான் உறையும், அப்படி வைத்தால் மூடிப்பக்கம் திறந்தே இருக்கும். கைப்பேசியையும் உபரி மின்கலத்தையும் உடம்போடு ஒட்டிய உள்பையில் வையுங்கள்.

கிளம்பும் நேரம் இரவு ஒன்றரை மணி. மணிக்கு 100 மீட்டர் என்றால் ஐந்து மணிக்குச் சுமார் 6,130 மீட்டர், அதுதான் பாதி வழி. ஆறு மணியாகியும் அங்கே வரவில்லை என்றால் திரும்ப வேண்டும். எங்கே நின்றாலும் பத்து மணிக்குத் திரும்ப வேண்டும். இந்த இரண்டு நேரத்தையும் காரேயில் வைத்தே தாளில் எழுதி, வழிகாட்டி உட்பட எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்; 6,300 மீட்டரில் யோசிக்கும் மூளையை நம்ப முடியாது. வெயில் ஏற ஏறப் பிளவுகளை மூடியிருக்கும் பனிப்பாலம் இளகும். மத்தியானம் மேகம் வந்தால் இன்னும் மோசம்: மேராவின் பனியாறு அகலமானது, அடையாளம் எதுவும் இல்லாதது, வெண்மூட்டத்தில் எல்லாத் திசையும் ஒன்றுபோல இருக்கும். ஏறும்போதே ஜிபிஎஸ்ஸில் தடத்தைப் பதிந்துகொண்டே போங்கள்.

நன்றாக மிதிபட்ட தடம் என்பதால் சில குழுக்கள் கயிறு கட்டாமலே நடக்கும். அதைப் பின்பற்ற வேண்டாம். வழிகாட்டியோடு நான்கு பேர், ஆளுக்கு ஆள் 8 முதல் 10 மீட்டர் இடைவெளி. கயிறு நடுவில் பனியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். சுருண்டு கிடந்தால் விழுகிறவர் அவ்வளவு தூரம் கூடுதலாக விழுவார். இறுக்கி இழுத்தால் பின்னால் வருகிறவர் தடுமாறுவார். நின்று படம் எடுக்கும்போதும் எல்லாரும் ஒரே இடத்தில் கூடாதீர்கள்.

வீட்டில் விட்டுப்போகும் தாள்

புறப்படும் முன் ஒரு பக்கத்தில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள்: எந்த நாள் எங்கே தூங்குவீர்கள், முகவரின் எண், காப்புறுதி எண்ணும் அதன் 24 மணி நேரத் தொலைபேசியும், இரத்த வகை, ஒவ்வாமை. அதோடு எப்போது பதற வேண்டும், எப்போது வேண்டாம் என்பதும் இருக்கட்டும். பதினான்காம் நாளிலிருந்து பதினேழாம் நாள் வரை சத்தமே இல்லாமல் இருக்கலாம், அது வழக்கம். இருபத்தொன்றாம் நாள் லுக்லாவில் மேகம் கவிந்தால் விமானம் ஒன்றிரண்டு நாள் பறக்காது, அதுவும் வழக்கம். பதினெட்டாம் நாள் இரவு ஒன்பது மணிக்குள் கோத்தேயிலிருந்து செய்தி வரவில்லை என்றால் முதலில் முகவருக்கு அழைக்க வேண்டும், மறுநாள் காலை வரை பதில் இல்லையென்றால் காப்புறுதி எண்ணுக்கு. அம்மாவிடம் கொடுப்பதைவிட நிதானமான ஒரு தங்கையிடமோ மச்சானிடமோ கொடுப்பது நல்லது. அம்மா முதல் நாளே அழைத்துவிடுவார்.